ஃபைபரா, 5ஜியா? டர்பனில் வீட்டு இணையத்தைத் தேர்ந்தெடுப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஃபீனிக்ஸ் பகுதியில் வீடு வாங்கிக் குடிபோன என் அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்தாள். தெருவில் ஃபைபர், அதாவது கண்ணாடியிழை இணையத்துக்கான கம்பங்களை நட்டுவிட்டார்கள் என்றும், வீடுவீடாக வந்து படிவம் நிரப்பச் சொல்கிறார்கள் என்றும், அதே வாரம் கடைவளாகத்தில் ஒரு விற்பனையாளர் 5ஜி ரூட்டரைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிளக்கில் செருகினால் போதும் என்றார் என்றும் சொல்லிவிட்டு, "சித்தப்பா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். ஃபைபரை எடு, அதிலும் குறைந்த வேகத் திட்டத்தையே எடு என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். அந்த வரிக்குப் பின்னால் உள்ள காரணங்களை அவளுக்கும், சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் டோங்காட்டிலும் இதே கேள்வியோடு இருக்கும் நம்மவர்களுக்கும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவள் வீட்டில் ஆறு பேர். கணவர் உம்ஷ்லாங்காவில் உள்ள ஓர் அழைப்பு மையத்தில் வேலை செய்கிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுடன் பேச வேண்டியவர். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். சனிக்கிழமை காலையில் இணையவழித் தமிழ் வகுப்பும் உண்டு. மாமியார் இரவு உணவுக்குப் பின் யூடியூபில் தமிழ்த் தொடர் பார்ப்பார். மாமனாருக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் இளைய மகனின் முகத்தைத் தினமும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒரு குடும்பத்தின் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் இந்த இணைப்பு நல்லது, அந்த இணைப்பு கெட்டது என்று சொல்வது, பாதத்தின் அளவு தெரியாமல் செருப்பு வாங்கித் தருவதைப் போன்றது. ஆகவே கீழே நான் சொல்வதை எல்லாம் இப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் வைத்தே சொல்கிறேன். தனியாக வாழ்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் கணக்கு மாறும். அதையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள உறவினர்கள் 'கேபிள் இணையம்' என்று சொல்லும்போது, தொலைக்காட்சிக்காகத் தெருத்தெருவாக இழுக்கப்பட்ட கேபிளையும் சேர்த்தே சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படியொரு கேபிள் வலை வீடுகளுக்கு வந்ததே இல்லை. இங்கே தொலைக்காட்சி கூரைமேல் உள்ள ஆன்டெனா வழியாகவோ தட்டு வழியாகவோதான் வந்தது. நமக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்பிவழி அகலப்பட்டை, 2002இல் டெல்காம் தன் தொலைபேசித் தாமிரக் கம்பிகளின் மீது தொடங்கிய ஏடிஎஸ்எல். தாமிரத்துக்குப் பழைய இரும்புக் கடைகளில் விலை இருந்ததால் கம்பிகள் ஓயாமல் திருடப்பட்டன. கம்பி நீளமாக நீளமாக வேகமும் குறைந்துகொண்டே போனது. 2014இல் ஜொகானஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்ட் பகுதியில் வூமாடெல் நிறுவனம் வீடுகளுக்குக் கண்ணாடியிழை இழுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. ஆகவே இங்கே கேபிள் என்றால், இன்றைக்கு எடுக்கத் தகுந்த பொருளில், ஃபைபர் என்றுதான் அர்த்தம். கம்பியில்லா இணைப்பு என்றால் கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் எல்டிஇ (4ஜி) அல்லது 5ஜி. 2019 செப்டம்பரில் ரெய்ன் நிறுவனம் வீடுகளுக்கான 5ஜியை ஜொகானஸ்பர்க், ஷ்வானே நகரங்களின் சில பகுதிகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு வோடகாமும் எம்டிஎன்னும் தங்கள் 5ஜி சேவைகளைத் தொடங்கின.

ஃபைபரில் நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஓர் அமைப்பு இருக்கிறது. கம்பியை இழுப்பவர் ஒருவர், அதன்மேல் இணையத்தை விற்பவர் வேறொருவர். வூமாடெல், ஓப்பன்சர்வ், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் போன்றவை கம்பியின் உரிமையாளர்கள். ஆஃப்ரிஹோஸ்ட், வெப்ஆஃப்ரிக்கா, ஆக்ஸஸ் போன்றவை அந்தக் கம்பியை வாடகைக்கு எடுத்து நமக்கு விற்பவை. ஒரே கம்பியின்மேல் பல விற்பனையாளர்கள் இருப்பதால், ஒருவருடைய சேவை பிடிக்காவிட்டால் சுவரில் இருக்கும் பெட்டியைத் தொடாமலே இன்னொருவரிடம் மாறிவிடலாம். கம்பியில்லா இணைப்பில் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. கோபுரத்தில் நெரிசல் என்றால், அதே வலையமைப்பில் எந்தப் பெயரில் திட்டம் வாங்கினாலும் அந்த நெரிசல்தான் உங்களுக்கும் கிடைக்கும். வேறு வலையமைப்புக்கு மாற வேண்டுமென்றால் புதிய சிம், பெரும்பாலும் புதிய ரூட்டர், புதிய ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். விற்பனையாளர் நம்மை எப்படி நடத்துகிறார் என்பதை வாங்கிய பிறகுதான் அறிய முடியும் என்பதால், எளிதாக மாற முடிவதே ஒரு பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன்.

இரண்டும் வீட்டுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பார்த்தால் மற்ற வேறுபாடுகள் தாமாகவே விளங்கும். வீடுகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஃபைபர் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை தெருமுனையில் உள்ள ஒரு சிறு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஓர் இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் இறங்கும். 32 வீடுகளும் ஒரே கணத்தில் முழுமூச்சாக இழுத்தாலும் ஆளுக்கு எழுபது, எண்பது மெகாபிட் கிடைக்கும். எல்டிஇ கோபுரத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கொண்ட ஒரு பக்கம், மிக நல்ல நிலையில், சாதாரணக் கருவிக்கு நொடிக்கு 150 மெகாபிட் வரை தரும். அந்தப் பக்கத்தை நோக்கி இருக்கும் அத்தனை வீடுகளும், தெருவில் போகிறவர்களின் அத்தனை கைபேசிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 5ஜியில் அகலம் கூடுதல், ஆகவே பங்கும் கூடுதல். ஆனாலும் அது பங்குதான். யார் யாரோடு பங்கு என்பதும் நாள்தோறும் மாறும். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய், கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஒரு படம் அனுப்ப முயன்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கைபேசியில் சமிக்ஞைக் கோடுகள் முழுதாக நிற்கும், படம் மட்டும் போகாது. அதே நெரிசல், அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு நம் தெருக்களில் நடக்கிறது.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து பள்ளிகளை மூடியபோது எங்கள் தெருவில் ஃபைபர் இல்லை. அவசரமாக ஒரு நிறுவனத்திடம் எல்டிஇ ரூட்டர் வாங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்தால் விளம்பரத்தில் சொன்ன வேகம் அப்படியே வரும். இரவு எட்டு மணிக்கு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தின் மற்ற பல வீடுகளைப் போலச் சரிவில், மேட்டுக்குக் கீழே கட்டப்பட்டது. கோபுரம் அந்த மேட்டுக்கு அப்பால். மாதத்தின் மூன்றாம் வாரத்தில் வேகம் இன்னும் விழுந்ததற்குக் காரணம் கேட்டபோதுதான், 'வரம்பற்றது' என்று விற்கப்பட்ட திட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பது ஒப்பந்தத்தின் நியாயமான பயன்பாட்டுப் பகுதியில் எழுதியிருப்பதைக் காட்டினார்கள். எழுதியிருந்தது உண்மை. அதை முன்பே படிக்காதது என் குறை; விற்கும்போது வாய்திறந்து சொல்லாதது அவர்கள் குறை. அந்த ஆண்டு என் மகன் தேர்வுக்கான பாடங்களை இரவு பதினொரு மணிக்குமேல் விழித்திருந்து பதிவிறக்கினான் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

சரிவு, சுவர், கூரை ஆகியவை கம்பியில்லா இணைப்பில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இயற்பியல்தான் காரணம். அதிர்வெண் உயர உயர அகலமான அலைக்கற்றை கிடைப்பதால் தரவு கூடுதலாகப் போகும். ஆனால் தடைகளைத் தாண்டும் திறன் குறையும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை, இரட்டைச் செங்கல் சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் பலமாக அடிபடும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை எளிதில் கடக்கும்; ஆனால் அவற்றில் அகலம் குறைவு. 2022 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான ஐகாசா நடத்திய ஏலத்தில் நிறுவனங்கள் மொத்தம் 1,440 கோடி ராண்ட் கொடுத்து அலைக்கற்றை வாங்கிய பிறகு வலையமைப்புகள் மேம்பட்டிருக்கின்றன. எனினும் எந்த ஏலமும் நம் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நிற்கும் மேட்டை நகர்த்தாது. ஆகவே கம்பியில்லா இணைப்பை எடுப்பவர், வலையமைப்பின் வரைபடத்தில் தம் தெரு வண்ணம் பூசப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. தெரிந்தவர் ஒருவரிடம் அதே வலையமைப்பின் ரூட்டரை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி, வீட்டில் கோபுரத்தை நோக்கிய சன்னலோரம் வைத்து, இரவு ஏழு முதல் ஒன்பது மணிக்குள் நாலைந்து தடவை அளந்து பார்ப்பதே சரியான சோதனை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும், ஆர்எஸ்ஆர்பி என்ற பெயருள்ள ஓர் எண் இருக்கும். அது கழித்தல் 80க்குப் பக்கத்தில் இருந்தால் மிக நன்று. கழித்தல் 110க்குப் போய்விட்டால் அந்த இடத்தில் வைத்துப் பயனில்லை. கூரைமேல் வெளி ஆன்டெனா பொருத்தினால் பல வீடுகளில் நிலைமை வெகுவாகச் சீராகும். ஆனால் இசிப்பிங்கோ, புளஃப் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று இணைப்பிகளை அரித்துவிடும் என்பதால் அவற்றை நன்றாக மூடி ஒட்ட வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் 500, 1,000 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் உயர்தரப் படத்துக்கு 5 மெகாபிட்டும் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. காணொளி வகுப்புக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட் தாராளம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எதையாவது செய்துகொண்டிருந்தாலும் உண்மையாகவே 50 மெகாபிட் வந்துகொண்டிருக்கும் வீட்டில் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். 'உண்மையாகவே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாலையிலும் 50 தரும் ஃபைபர், காலையில் 300 தந்து மாலையில் 20க்கு இறங்கும் 5ஜியைவிட ஒரு குடும்பத்துக்கு மேலானது. ஏனெனில் குடும்பம் கூடுவது மாலையில்தான்.

இறங்கும் வேகத்தை மட்டுமே பார்ப்பது இன்னொரு தவறு. அழைப்பு மையத்து வேலைக்கும் இணைய வகுப்புக்கும் நம் குரலும் முகமும் அந்தப் பக்கம் போக வேண்டும். ஃபைபரில் ஏறும் வேகம் பெரும்பாலும் இறங்கும் வேகத்துக்குச் சமமாக, அல்லது அதில் பாதியாக இருக்கும். கம்பியில்லா இணைப்பில் அது வெகுவாகக் குறைவு. ரூட்டரின் சிறிய ஆன்டெனா தன் சொந்த பலத்தில் கோபுரம்வரை கூவ வேண்டியிருப்பதால், சமிக்ஞை மோசமான வீடுகளில் முதலில் அடிவாங்குவது ஏறும் பக்கமே. அதோடு தாமதமும் உண்டு. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். டர்பனிலிருந்து 570 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜொகானஸ்பர்க்குக்குப் போய்த் திரும்ப அதற்கு 6 மில்லிவினாடி போதும். நடுவில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் ஃபைபர் வீட்டில் பத்து, பதினைந்து என்று காட்டும். எல்டிஇயில் அது முப்பது முதல் அறுபதுவரை இருக்கும். அந்த எண்ணைவிடத் தொல்லை தருவது அதன் நிலையின்மை: ஒரு நொடி முப்பது, அடுத்த நொடி இருநூறு என்று துள்ளினால் பேச்சு நறுக்கு நறுக்காக விழும். வாடிக்கையாளர் ஒருவர் கோபத்தோடு பேசிக்கொண்டிருக்கையில் நம் பதில் பாதியில் அறுந்தால் அது வேலைக்கே ஆபத்து. என் அண்ணன் மகளுக்கு ஃபைபரைச் சொன்னதற்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

இனி மின்சாரம். இந்த நாட்டில் இணையத்தைப் பற்றி எழுதுபவர் லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2022இலும் 2023இலும் மின்வெட்டு மிகக் கடுமையாகி ஆறாம் நிலைவரை போன நாட்களில், எந்த இணைப்பு எவ்வளவு நேரம் தாங்கியது என்பதை ஒவ்வொரு வீடும் கண்ணால் பார்த்தது. கோபுரங்களில் மின்கலம் உண்டு; ஆனால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் அவை முழுதாக மின்னேற்றம் பெற நேரம் கிடைக்காமல் இரண்டாம், மூன்றாம் வெட்டில் கோபுரமே அணைந்துவிட்டது. அந்த மின்கலங்களைத் திருடுவதற்கென்றே கும்பல்கள் கிளம்பியதால் பல கோபுரங்களில் வெட்டு வந்த நிமிடமே சமிக்ஞை போயிற்று. ஃபைபரில், நான் மேலே சொன்ன தெருமுனைப் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. அது வெறும் கண்ணாடி. ஒளி புறப்படும் நிலையத்தில் ஜெனரேட்டரோ பெரிய மின்கலமோ இருக்கும். ஆகவே நம் வீட்டில் உள்ள இரண்டு சிறு பெட்டிகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், தெருவே இருண்டாலும் இணையம் நிற்காது. சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து பன்னிரண்டு முதல் பதினைந்து வாட்தான் எடுக்கும். கைக்கு அடக்கமான, 30 வாட்-மணி அளவுள்ள ஒரு சிறு யூபிஎஸ் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 5ஜி ரூட்டர்கள் பல இதைவிடக் கூடுதல் மின்சாரம் கேட்பவை. சிறிய யூபிஎஸ் அவற்றைத் தொடக்கிவிட முடியாமல் அணைந்துபோவதும் உண்டு. வாங்குமுன் ரூட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களை யூபிஎஸ் பெட்டியின் எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 26 முதல் 2025 ஜனவரி 30வரை லோட் ஷெடிங் ஒருநாள்கூட இல்லை. அதன்பின் இடையிடையே சில நாட்கள் வந்துபோயிற்று. ஆகவே இந்த வாதம் பழையதாகிவிட்டது என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திட்டமிட்ட வெட்டு குறைந்திருக்கலாம். துணைநிலையம் பழுதாவதும், நிலத்தடி மின்கம்பி திருடுபோவதும், மழையில் மின்மாற்றி வெடிப்பதும் குறையவில்லை. அவை இரண்டு மணி நேரத்தில் முடிவதும் இல்லை.

இயற்கைச் சேதத்தில் ஃபைபருக்கு இந்த மேன்மை அவ்வளவாக இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசூலு-நட்டாலில் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகளும் பாலங்களும் அடித்துச்செல்லப்பட்டபோது அவற்றை ஒட்டிப் புதைத்த இழைகளும் அறுந்தன. நூற்றுக்கணக்கான கோபுரங்களும் செயலிழந்தன. ஒரு கோபுரத்துக்கு மின்சாரமும் மைய வலையோடு தொடர்பும் வந்துவிட்டால் அதன் கீழ் உள்ள ஆயிரம் வீடுகளும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். அறுந்த இழையையோ தெருவாரியாகத் தோண்டி, முடியைப் போல மெல்லிய கண்ணாடியை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் கையில் ஒரு சிம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வாரம் கற்பித்தது. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் ஃபைபரைக் கம்பத்தில் தொங்கவிடுகிறார்கள். புதைப்பதைவிட விரைவாகவும் மலிவாகவும் முடிகிறது. ஆனால் உயரமான லாரி, மாமரக் கிளை, கம்பிமேல் தாவி விளையாடும் குரங்குகள் எல்லாமே அதற்குப் பகை. கண்ணாடி என்பதால் திருடனுக்கு அதனால் ஆதாயமில்லை. ஆனாலும் தாமிரம் என்று எண்ணி வெட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுப்போகிறார்கள்.

மின்னலில் மட்டும் ஃபைபர் தெளிவாக மேல். தாமிரக் கம்பி மின்னலை வீட்டுக்குள் அழைத்துவரும். எங்கள் வீட்டு ஏடிஎஸ்எல் மோடம் இரண்டு கோடைகளில் இரண்டு முறை கருகியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கூரைமேல் ஆன்டெனா வைத்தால் அதற்கு நிலத்தொடர்பு கொடுக்க மறக்கக் கூடாது.

கடலடிக் கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மார்ச் 14இல் மேற்கு ஆப்பிரிக்கக் கடலிலும், அதே ஆண்டு மே 12இல் கிழக்குக் கரையில் சீகாம், ஈஸி ஆகிய இரண்டு கேபிள்களும் அறுபட்டபோது வெளிநாட்டுத் தளங்கள் மெதுவாயின. அது ஃபைபர் வீட்டுக்கும் 5ஜி வீட்டுக்கும் பொதுவான துன்பம். கோபுரத்திலிருந்து கிளம்பும் தரவும் கடைசியில் அதே கேபிள்களில்தான் கடல் கடக்கிறது. தேர்வில் இதற்கு இடமில்லை.

பணத்துக்கு வருவோம். மாதக் கட்டணம் அடிக்கடி மாறுவதால் இங்கே விலைப்பட்டியல் தருவதில் பயனில்லை. கணக்கிடும் முறையைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாதக் கட்டணத்தைக் கூட்டி, அதோடு இணைப்புக் கட்டணம், ரூட்டர் விலை, கொண்டுவந்து தரும் செலவு ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபைபரில் 'இலவசமாகப் பொருத்தித் தருகிறோம், ரூட்டரும் இலவசம்' என்பார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் விலகினால் அந்தச் செலவை நம்மிடம் திரும்பக் கேட்கும் விதி அதற்குள் இருக்கும். கம்பியில்லாத் திட்டங்களில் 24 மாத ஒப்பந்தம் என்றால் ரூட்டரின் விலை மாதக் கட்டணத்துக்குள் கரைந்திருக்கும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகைய கால ஒப்பந்தத்தை 20 வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து இடையில் முறித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. நிறுவனம் நியாயமான ஓர் இழப்பீடு கேட்கலாம், மீதிக் காலத்தின் முழுக் கட்டணத்தையும் அப்படியே கேட்க முடியாது. நம் பெரியவர்கள் பலர் இந்த உரிமை இருப்பது தெரியாமலே, பிடிக்காத ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் பணம் கட்டுகிறார்கள். மாதாமாதம் திட்டங்களும் முன்பணத் திட்டங்களும் இரண்டு பக்கமும் உண்டு. வருமானம் சீராக இல்லாத வீட்டுக்கு அவையே நல்லவை. தரவு அளவு குறிக்கப்பட்ட திட்டத்தை மட்டும் குடும்பத்துக்கு வாங்க வேண்டாம்: உயர்தரப் படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 கிகாபைட் தின்னும், மாமியாரின் தொடரே மாதத்தில் நூறு கிகாபைட்டைத் தாண்டிவிடும்.

கம்பியில்லா இணைப்பே சரியான விடையாக இருக்கும் வீடுகளும் நிறைய உண்டு. அவர்களை ஃபைபர் வாங்கவில்லையே என்று யாரும் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. பின்கட்டில் உள்ள அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருப்பவர், ஆறு மாதத்தில் வேறிடம் போகக்கூடியவர், சுவரில் துளையிட வீட்டுக்காரரின் அனுமதி கிடைக்காதவர் ஆகியோருக்கு ரூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்பது பெரிய வசதி. அடுக்குமாடியில் நிர்வாகக் குழு ஃபைபருக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தால் அதுவரை காத்திருக்க முடியாது. டோங்காட்டுக்கும் ஸ்டாங்கருக்கும் இடைப்பட்ட கரும்புத் தோட்டங்களின் நடுவே உள்ள வீடுகளுக்கு எந்த நிறுவனமும் இழை இழுக்க விரும்பாது. அங்கே மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் மேட்டில் ஒரு கம்பம் வைத்து, நம் கூரையில் ஒரு சிறு தட்டைப் பொருத்தி, கண்ணுக்கு நேராகத் தெரியும் தூரத்தில் வானலையால் இணைப்பது. கைபேசிகளின் நெரிசல் அதில் இல்லை. நடுவில் மரம் வளர்ந்தால்தான் சிக்கல். தனியாக வாழும் ஒருவர், பகலில் வெளியே வேலைக்குப் போய் இரவில் ஒரு படம் பார்ப்பவர், கோபுரம் சன்னலுக்கு நேரே தெரிகிறது என்றால், 5ஜியை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

என் அண்ணன் மகளின் கணக்கு வேறு. வீடு சொந்த வீடு. குறைந்தது பத்தாண்டு அங்கேதான் இருக்கப்போகிறார்கள். சம்பாதிப்பவரின் வேலை இணைப்பின் நிலைத்தன்மையைச் சார்ந்தது. மாலையில் ஆறு பேரும் ஒன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் வீடும் சரிவில் கீழ்ப்பக்கம். ஃபைபரில் 50 மெகாபிட் திட்டத்தை மாதாமாத முறையில் எடுத்து, வேகம் கூடிய ஃபைபர் திட்டத்தை எடுக்காததால் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு யூபிஎஸ்ஸும், அவசரத்துக்கு இன்னொரு வலையமைப்பின் முன்பண சிம்மும் வாங்கி வைக்கச் சொன்னேன். 5ஜி விற்பனையாளரின் ரூட்டரைவிட மொத்தச் செலவு ஓராண்டில் சற்றுக் கூடுதலாகத்தான் வருகிறது. அதை அவள் ஒப்புக்கொண்டாள்.

அவளிடம் கடைசியாகச் சொன்னது பெட்டியை வைக்கும் இடத்தைப் பற்றி. பொருத்த வருபவர்கள் கம்பி நுழையும் முன்னறையிலேயே, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக விரும்புவார்கள். அவர்களுக்கு அது எளிது. அந்த இடத்திலிருந்து வைஃபை இரண்டு செங்கல் சுவரைத் தாண்டி, மருமகன் வேலை செய்யும் பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி பலம் போய்விடும். பிறகு ஃபைபரே சரியில்லை என்று தோன்றும். நடைவழியின் நடுவே, ஆள் உயரத்தில், ஒரு பிளக் பக்கத்தில் இருக்கும்படி இடத்தை முன்பே குறித்து வை, அவர்கள் வந்ததும் அந்த இடத்தைக் காட்டு, வைத்து முடித்ததும் மடிக்கணினியைக் கம்பியால் நேரே ரூட்டரில் செருகி வேகத்தை அளந்து பார்த்த பிறகே தாளில் கையெழுத்துப் போடு என்றேன். அவர்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வருகிறார்கள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அங்கே போகிறேன்.